கறுப்புக் குட்டிக்கு ஒரு பெயர்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அறந்தாங்கி பக்கம் ஒரு தோப்பில் தாய் நாய் நாலு குட்டி போட்டதாம். வேலையாகப் போன மகன் ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெட்டைக் குட்டி. உடம்பெல்லாம் நல்ல கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே சந்தனப் பொட்டு வைத்த மாதிரி ஆளுக்கொரு பழுப்புப் புள்ளி.

அன்று ராத்திரியே பெயர் வைக்கும் பிரச்சினை ஆரம்பமாகிவிட்டது. மகன், "கருப்பின்னு வைப்போம், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். என் மனைவி பூசைக்கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "கருப்பரு நம்ம குலசாமிடா. அந்தப் பேரச் சொல்லி நாய அதட்டுவியா நீ? பாச்சோறு வைக்கிற தட்டுலயா அதுக்குச் சோறு வைப்பே?" பதினோரு வயதுப் பேத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "கருப்பி வேண்டாம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பென்ஷன்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேலை? நாய்க்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்று, இருக்கிற புத்தகங்களையும் பழைய குறிப்புகளையும் புரட்ட ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ச் சங்கதி. நம் பக்கத்து ஆட்களுக்கு உயிர்ப் பிராணிகளின் நிறத்தைச் சொல்லத் தனி அகராதியே உண்டு. மாட்டைப் பார்த்து வெள்ளை மாடு, சிவப்பு மாடு என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டார். மயிலை, செவலை, காரி, பில்லை, கருமறை, செம்மறை என்பார். ஒவ்வொரு சொல்லும் ஒரு படம். கந்தர்வக்கோட்டை வட்டம் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். காளைக்காரர் பெயர், ஊர்ப் பெயர், அடுத்தது நிறம். சில நேரம் நிறமே பெயர்.

அந்த அகராதிதான் நாய்க்கும் இறங்கி வந்தது. செம்மண் நிறத்து நாய் செவலை. வெள்ளை நாய் வெள்ளையன். புள்ளி விழுந்தது புள்ளி. உடம்பில் வரி ஓடினால், வெள்ளைக்காரன் வந்த பிறகு, டைகர். கன்னி இன நாயில் பால் நிறத்தில் பிறப்பதைத் தெற்கே பால்கன்னி என்பார்கள். அதைவிட அழகாக ஒரு நிறத்தைச் சொல்ல முடியுமா?

ராஜபாளையம் நாயின் வெள்ளையை எல்லோருக்கும் தெரியும். மூக்குகூட ரோஸ் நிறம். 2005இல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்தது அதுதான். அந்த வெள்ளைக்கு ஒரு விலையும் உண்டு. நிறம் தருகிற அணுக்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாமல் போனால் காது கேட்காது. அதனால் முழு வெள்ளையாய்ப் பிறக்கும் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருக்கும். எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

சரி, வரலாற்றில் பெயர் தெரிந்த நாய் எது? தமிழில் கேட்டால் கோவிவன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைக்காக நடந்த பூசலில் விழுந்துவிட்டான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனுக்குக் காவலாக நின்றது. கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கருமை இருப்பது மனிதனின் பெயரில். நாய்க்கு வாய்த்தது 'கோ' என்று தொடங்கும் கம்பீரமான பெயர். 1400 வருடமாக மனிதனும் நாயும் ஒரே கல்லில் நிற்கிறார்கள்.

அடுத்தது கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூர். கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த போரைப் படித்திருப்பீர்கள். சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்ட போர். வென்றவர்கள் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்கன் பூதுகனும். அந்தப் போரில் பூதுகனுக்காகத் திறமையாகச் சண்டை போட்டவன் மணலேரன். "என்ன வேண்டும், கேள்" என்றான் பூதுகன். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது பூதுகனின் வேட்டை நாயை. அதன் பெயர் காளி. பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, பன்றியும் செத்தது, காளியும் செத்தது. மணலேரன் அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை செய்துவிட்டுத்தான் பூசாரி சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தான். இன்று அந்தக் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலம் போரைப் பற்றி அறிய ஆராய்ச்சியாளர்கள் நாடுவதே இந்த நாயின் கல்லைத்தான்.

காளி என்ற சொல்லின் வேர் கருமை. என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, சாமி பேரையே நாய்க்கு வச்சிருக்கான்." அவள் அசரவில்லை. "வச்சவன் பூசையும் பண்ணச் சொல்லியிருக்கானுல்ல? உங்க மகன் பண்ணுவானா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேதத்திலும் நிறப் பெயர் உண்டு. எமனுக்கு இரண்டு நாய்கள். ஒன்று சியாமன், கறுப்பு. மற்றொன்று சபலன், புள்ளிபட்டது. இரண்டும் சரமை என்ற தேவலோக நாயின் பிள்ளைகள். அவற்றுக்கு நான்கு கண் என்று வேதம் சொல்கிறது. கண்ணுக்கு மேலே புள்ளி இருக்கும் நாயைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குட்டிக்கும் அதே நான்கு கண். அதைப் படித்த அன்று ராத்திரி அது திண்ணையிலிருந்து என்னையே உற்றுப் பார்த்தபோது, எழுபத்தைந்து வயதுக்காரனுக்குக் கொஞ்சம் அடிவயிறு கலங்கத்தான் செய்தது.

நம்மூரில் நாய் எமனைவிட பைரவருக்குத்தான் நெருக்கம். மதுரைச் சாலையில் திருமயம் கோட்டைச் சுவரை ஒட்டி இருக்கும் கோட்டை பைரவரைத் தாண்டும்போது எத்தனை லாரி நிற்கிறது பாருங்கள். நாயை விரட்டும்போதுகூட, "போ பைரவா" என்று மரியாதையாய்ச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். நம் ராஜா ஒருவர் பெயரிலேயே பைரவர் உண்டு. 1886 முதல் 1928 வரை புதுக்கோட்டையின் மன்னராக இருந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்க்கை மணந்து, பின்னாளில் பிரான்சில் கான் நகரத்துப் பக்கம் வாழ்ந்து, 1928இல் பாரிசில் காலமானவர். ஒரே பெயர் அரண்மனைக்கும் கோயிலுக்கும் தெருவுக்கும் பொதுவாக இருந்தது. யாருக்கும் அதனால் கெளரவம் குறையவில்லை.

பிரான்ஸ் என்றதும் என் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954 நவம்பரில் கொடி மாறினாலும் எங்கள் வகுப்பில் பாஷை மாறவில்லை. தமிழ் வீட்டில், பிரெஞ்சு பள்ளியில், இங்கிலீஷ் எங்கேயும் இல்லை. அம்மா பிறந்த ஊர்ப் பக்கம் வந்து, 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவான வருடம் வேலையில் சேர்ந்த பிறகுதான் கோப்பில் குறிப்பு எழுத இங்கிலீஷ் பழகினேன்.

அல்போன்ஸ் தோதே எழுதிய ஆட்டுக் கதை பிரெஞ்சில் படித்த எல்லோருக்கும் பாடம். மலையில் சுதந்திரமாக மேய ஆசைப்பட்டு, விடிய விடிய ஓநாயோடு மல்லுக்கட்டிச் செத்துப்போகும் ஆடு. அதன் பெயர் பிளாங்கெத். வெள்ளைச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மாட்டையும் நாயையும் பிரெஞ்சு விவசாயி நுவாரோ என்பான், அதாவது கருப்பன். செம்பட்டைப் பசு ரூசெத், நம் செவலை. கடல் கடந்தாலும் சம்சாரி சம்சாரிதான்.

ஆனால் சாதி நாய் வளர்க்கும் பிரெஞ்சுக்காரனுக்கு வேறு கணக்கு. 1926 முதல் அங்கே பதிவு நாய்களுக்கு வருடத்துக்கு ஓர் எழுத்து. அந்த வருடம் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அந்த எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும். பெயர் கிடைப்பதற்குச் சிரமமான கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறையும் விட்டுவிட்டு, 20 எழுத்தோடு சுற்று முடியும். 2005இல் ஏ, 2025இல் மறுபடியும் ஏ. பெயரைக் கேட்டே வயதைச் சொல்லிவிடலாம். நம் ஆபீசில் கோப்புக்கு வருட எண் போடுகிற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. என் பேத்திக்குப் பிடிக்கவில்லை.

டின்டின் படக்கதையில் வரும் வெள்ளை நாயை அவளுக்குத் தெரியும். அவள் படித்த இங்கிலீஷ் புத்தகத்தில் அது ஸ்னோயி, பனி நிறத்தவன். நான் படித்த பிரெஞ்சில் அது மிலூ. 1929இல் அதை வரைந்த எர்ஜே, தன் இளவயதுத் தோழியின் செல்லப் பெயரை வைத்தார். மொழிபெயர்த்தவர்கள் தோழியைக் கழற்றிவிட்டு நிறத்தை ஒட்டிவிட்டார்கள். நிறம் எந்த மொழிக்கும் சுலபமாகப் புரியும். அதுதான் அதன் சௌகரியம், அதுதான் அதன் ஆபத்தும்.

ரோமாபுரியிலும் இதே கதைதான். ஓவிட் என்ற கவி, மானாக மாறிய ஆக்டியோன் என்ற வேடனை அவனுடைய நாய்களே கிழித்துக் கொன்ற கதையைச் சொல்லும்போது, நாய்களின் பெயரை வரிசையாக அடுக்குகிறார். அதில் வெள்ளை என்று பொருள்படும் லூக்கோன் இருக்கிறது, கரி என்று பொருள்படும் அஸ்போலோஸ் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா இன்னும் காரியமான ஆள். ஆட்டுக் கிடைக்கு வெள்ளை நாய் வைத்துக்கொள், விடிகருக்கலில் ஓநாய் என்று நினைத்து அடித்துவிட மாட்டாய். வீட்டுக் காவலுக்குக் கறுப்பு நாய் வை. பகலில் பார்த்தால் திருடன் பயப்படுவான், ராத்திரியில் அவன் கண்ணுக்கே தெரியாது. பெயர் நீளமாக வைக்காதே, கூப்பிட்டவுடன் காதில் விழ வேண்டும். அதற்காக இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது. நம் மணி, ராமு, ராஜா எல்லாம் கொலுமெல்லா சொன்ன அளவில்தான் இருக்கின்றன.

இதுவரை எழுதியதெல்லாம் ரசமான பக்கம். இனி வருவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இரண்டாம் உலகப்போரில், 1943 மே மாதம், ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவுக்குத் தலைவர் கை கிப்சன். அவரிடம் ஒரு கறுப்பு லாப்ரடார் இருந்தது. அதன் நிறத்தைப் பார்த்து, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருந்தார்கள். விமானங்கள் கிளம்பிய அதே நாளில் நாய் காரில் அடிபட்டுச் செத்தது. முதல் அணை உடைந்த செய்தியை அனுப்பியதும் அந்தப் பெயரையே சங்கேதமாக வைத்துத்தான். நாயை விமானத் தளத்தில் புதைத்துக் கல் வைத்தார்கள். 77 வருடம் அந்தக் கல் அப்படியே இருந்தது. 2020இல்தான் பெயர் இல்லாத வேறு கல்லை வைத்தார்கள். நாயின் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோதெல்லாம் வேறு யாரோ ஒருவர் தலைகுனிந்திருப்பார் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நம்மிடமும் உண்டு. 2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்திலேயே கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை, அது யாருடைய நாய் என்பதுதான் குற்றம். அதில் கருப்பி என்று கூப்பிடுகிறவன் பாசத்தோடு கூப்பிடுகிறான். தன் நிறத்தையும் தன் பிழைப்பையும் சேர்த்துக் கூப்பிடுகிறான். அதே பெயரை இன்னொருவன் சொன்னால் வசவாகிவிடும். பெயர் ஒன்றுதான், வாய் வேறு.

இதை நான் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்பதுகளில் நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். இந்த மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர் அவருக்கும். கருப்பரை வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு வைக்கிற பெயர். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், குவார்ட்டர்சுக்கு ஒரு கறுப்பு நாய் வாங்கி வந்து, அதற்கு அந்த ஊழியரின் பெயரையே வைத்தார். மாலையில் தபால் கட்டோடு நாங்கள் வாசலில் நிற்கும்போது பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவார். "ஐயா" என்று ஊழியர் ஓடி வருவார். "உன்னை இல்லைய்யா, அதை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். முதல் நாள் சிரித்தேன், இரண்டாம் நாளும் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போக ஒன்றரை வருடமானது. அத்தனை மாலையும் நான் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இன்க்ரிமென்ட் பெருசாகத் தெரிந்தது.

பல வருடம் கழித்து, வேறு வேலையாக அவர் ஊருக்குப் போனபோது வீட்டுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. என்ன பெயர் என்று கேட்டேன். "பேரு வைக்கலீங்க. இந்தான்னா வருது. எதையாச்சும் வச்சா யாருக்காச்சும் மனசு கஷ்டப்படும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மோர் தொண்டையில் இறங்கவில்லை. அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

இதை யோசித்தபோதுதான் பேத்தியின் ஒற்றை வார்த்தை மறுபடி மனசில் வந்தது. திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கருப்பி ஏன் வேண்டாம்னே?" என்று கேட்டேன். குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஸ்கூல்ல என்னைய அப்படித்தான் தாத்தா கூப்பிடுறாங்க" என்றாள். அவள் என் நிறம். எங்கள் வீட்டில் என் நிறத்தில் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் சேர்த்து வைத்திருந்த காளி, சியாமன், நுவாரோ எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். போர்க்களத்தில் ஜெயித்தவன் ஊரைக் கேட்காமல் காளியைக் கேட்டான் என்றதும் கண் விரிந்தது. "அப்ப கறுப்பா இருக்கிறது தப்பில்லைல்ல?" என்றாள். "தப்பா? அந்த நாய்க்குப் பூசை நடந்திருக்கு" என்றேன். நாலாவது நாள் அவளே பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆடி மாதம், தெருவில் கூடைக்காரம்மா நாவப்பழம் கொண்டு வந்திருந்தார். ஒரு பழத்தைக் குட்டியின் முதுகில் வைத்துப் பார்த்தாள். ரெண்டும் ஒரே நிறம். "நாவல்" என்றாள்.

கொலுமெல்லாவின் இரண்டு அசைக் கணக்குக்கும் சரியாக வருகிறது. மனைவிக்கும் ஆட்சேபணை இல்லை. ஔவைக்கு முருகன் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டதும் நாவல் மரத்தடியில்தானே என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். "நாவலு, இந்தா சோறு" என்று அவள் கூப்பிடும் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கிறது. குட்டி ஓடி வருகிறது. தெருவில் வேறு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு செவலையோ வெள்ளையனோ இருந்திருக்கும். அதற்கு யார் பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.